அம்மாவின் தோட்டுக்கு ஒரு ஜோடி

தங்கம் குறைந்தால் உருக்கிச் சேர்க்கலாம். பட்டுப்புடவை கிழிந்தால் இழை எடுத்துத் தைக்கலாம். வைரத்தில் மட்டும் எதையும் கூட்ட முடியாது, குறைக்கத்தான் முடியும். ஒவ்வொரு முறை பட்டை தீட்டும்போதும் கல்லில் இருந்து கொஞ்சம் தூளாகப் போகும். போனது போனதுதான்.

அதனால்தான் ஒரு வைரத்தை மறுபடி பட்டை தீட்டுவதென்றால் குடும்பத்தில் நாலு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். பெரும்பாலும் பேச்சு ஒரே திசையில்தான் போகும். பாட்டி காலத்துக் கல் மங்கலாகத் தெரிகிறது, அதை இந்தக் காலத்து வட்டக் கல்லாக மாற்றினால் ‘பளிச்’சென்று இருக்கும் என்பார்கள். திருச்சியில் ஒரு குடும்பத்தில் இது தலைகீழாக நடந்தது. புதிய வட்ட வைரம் ஒன்றைப் பழைய காலத்துப் பட்டைக்கு மாற்றினார்கள். தெரிந்தே எடையை இழந்து, விலையையும் இழந்து செய்தார்கள்.

தொலைந்தது ஒரு கல்

அம்மாவுக்கு வயது 81. அவருடைய ஒற்றைக்கல் வைரத்தோடு 1930களில் அவருடைய அம்மாவுக்காக வாங்கியது. கல்யாணத்தின்போது இவருக்கு வந்தது. அதிலிருந்து காதைவிட்டு இறங்கியதே இல்லை. கணவர் இறந்தபோது மற்ற நகைகளைக் கழற்றி மகள்களிடம் கொடுத்தவர், தோட்டை மட்டும் கொடுக்கவில்லை.

ஶ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்து முகம் கழுவியபோதுதான் இடது காதுத் தோட்டில் கல் இல்லை என்று தெரிந்தது. தங்கக் கூடு இருந்தது, உள்ளே வெறும் குழி. மண்டபத்தைப் பெருக்கிப் பார்த்தார்கள். கார் சீட்டின் இடுக்கில் விரலை விட்டுத் துழாவினார்கள். குளியலறை ஜல்லடையைக் கழற்றினார்கள். கிடைக்கவில்லை. கல்லைப் பிடித்திருந்த மெல்லிய தங்கக் கம்பிகள் எண்பது வருஷத் தேய்மானத்தில் காகிதம்போல ஆகியிருந்தன. வருஷத்துக்கு ஒருமுறை பத்தரிடம் காட்டியிருந்தால் அரை மணி நேர வேலையில் சரியாகியிருக்கும். வைரம் தேயாது. அதைப் பிடித்திருக்கும் தங்கம் தேயும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மூத்த மகள் உடனே ஒரு கடைக்குப் போனார். மிச்சமிருந்த கல்லை அளந்தார்கள். குறுக்களவு 5.6 மில்லிமீட்டர். அதே அளவில் புதிய வட்ட வைரம் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள். கடையின் வெள்ளை விளக்கில் இரண்டும் ஒன்றுபோலத்தான் மின்னின.

வீட்டில் சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் அம்மா கண்ணாடி முன் நின்று போட்டுக்கொண்டார். இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். “ஏம்மா, ஒண்ணு சிரிக்குது, இன்னொண்ணு கூச்சல் போடுது” என்றார். மகளை வருத்தப்பட வைக்கக் கூடாதென்று, “பரவாயில்ல, இந்த வயசுல யாரு என் காதைப் பாக்கப்போறா” என்றும் சொன்னார். மறுநாள் காலை தோட்டைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார். அறுபது வருஷத்தில் முதன்முறையாக வெறும் காதோடு பூஜைக்கு உட்கார்ந்தார்.

58 பட்டை இதிலும், அதிலும்

அம்மா சொன்ன சிரிப்புக்கும் கூச்சலுக்கும் கணக்கு இருக்கிறது. அதைக் கடைக்காரரைவிட நன்றாக விளக்கியவர் பெரிய கடைவீதிப் பக்கத்துச் சந்தில் உட்கார்ந்திருக்கும் வயதான பத்தர். ஒரு காலத்தில் திருச்சியில் வீட்டுக்கு வீடு செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் சக்கரம் சுற்றியது. அந்தச் சத்தத்தில் வளர்ந்தவர் அவர்.

பழைய வட்டக் கல்லுக்கும் புதிய வட்டக் கல்லுக்கும் பட்டைகளின் எண்ணிக்கை ஒன்றுதான். மேலே நடுவில் தட்டையான ஒரு முகம். அதைச் சுற்றி நட்சத்திரம்போல 8, பெரிய பட்டை 8, விளிம்பையொட்டி 16. ஆக மேல்பாதியில் 33. கீழ்ப்பாதியில் பெரிய பட்டை 8, விளிம்பையொட்டி 16. ஆக 24. அடி நுனியில் வைக்கும் குட்டிப் பட்டை ஒன்று. மொத்தம் 58.

வித்தியாசம் எண்ணிக்கையில் இல்லை, அளவிலும் சாய்விலும் இருக்கிறது. பழைய கல்லில் மேல்முகம் சின்னது, மேல்பாதி கோபுரம்போல உயரமானது. அடி நுனியைக் கூராக விடாமல் சற்று மழுக்கியிருப்பார்கள். நேர் மேலிருந்து பார்த்தால் கல்லின் நடுவில் ஒரு குட்டி வட்டம் தெரியும். பலர் அதை ஓட்டை என்றே நினைத்துப் பயந்துவிடுவார்கள். கீழ்ப்பாதியில் விளிம்புப் பட்டைகள் குட்டையாக இருப்பதால் பெரிய பட்டைகள் அகலமாக விரிந்திருக்கும். புதிய கல்லில் மேல்முகம் அகலம், மேல்பாதி தணிவு, அடி நுனி கூர்மை. கீழே விளிம்புப் பட்டைகள் நீண்டு நுனிவரை ஓடி, பெரிய பட்டைகளை மெல்லிய அம்புகள்போல ஒடுக்கிவிடும்.

வெளிச்சம் மேலே நுழைந்து, அடிப்பட்டைகளில் மோதி, மறுபடி மேலேயே திரும்பி வருவதைத்தான் மின்னல் என்கிறோம். முழுக் கண்ணாடியில் வெயில் பட்டால் சுவரில் பெரிய ஒளித்திட்டு விழும். அதே கண்ணாடியை நொறுக்கிப் பரப்பினால் நூறு புள்ளிகள் சிதறும். பழைய கல் முதல் வகை. தலையை மெதுவாக அசைத்தால் அகலமான ஒளி ஒன்று எழுந்து, நிறம் காட்டி, அணைந்து, அடுத்த பட்டையில் மறுபடி எழும். புதிய கல் இரண்டாம் வகை. அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஊசி ஊசியாகப் பொடி ஒளி வீசிக்கொண்டே இருக்கும்.

இதில் எது உயர்ந்தது என்று கேட்டால், எந்த விளக்கில் பார்க்கிறோம் என்று திருப்பிக் கேட்க வேண்டும். பழைய பட்டை மெழுகுவத்திக்கும் எண்ணெய் விளக்குக்கும் நடுவில் பிறந்தது. ஆடும் ஒற்றைச் சுடரைப் பெரிய பட்டை பிடித்துப் பெரிதாகத் திருப்பிக் கொடுக்கும். புதிய பட்டை மின்விளக்கின் காலத்தில் நிலைபெற்றது. ஆன்ட்வெர்ப்பின் வைரக் குடும்பம் ஒன்றில் வந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் ஒரு நூல் எழுதினார். கல்லில் இருந்து அதிக வெளிச்சமும் நிறமும் திரும்ப வர மேல்முகம் எவ்வளவு அகலம், சாய்வு எத்தனை டிகிரி என்று கணிதத்தால் காட்டினார். இன்றைய வட்ட வைரத்துக்கு அடித்தளம் அந்தக் கணக்குதான்.

தமிழ்நாட்டில் பழைய வைரத்தோடு, மூக்குத்தி, பேசரி இருக்கும் வீடுகளில் அந்தக் கற்கள் பெரும்பாலும் பழைய பட்டைக்காரர்கள். ‘ப்ளூ ஜாகர்’ என்று பாட்டிமார்கள் பெருமையாகச் சொல்வதும் அந்தக் காலத்துப் பேச்சுதான். தென்னாப்பிரிக்காவில் லேசான நீலச்சாயல் உள்ள கற்களுக்குப் பெயர்போன ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தில் இருந்து வந்த பெயர் அது. பூஜையறை விளக்கிலும் மாலை வெயிலிலும் பார்க்கப்பட்ட கற்கள் அவை. அம்மாவின் காதுக்கு அந்த மெதுவான ஒளிதான் பழக்கம். அவர் கண்ணாடியில் பார்த்தது இரண்டு விதமான வெளிச்சம்.

எந்தக் கல்லை வெட்டுவது?

கல்லைப் பொருத்திக் கொடுத்த கடையில் இதைச் சொன்னபோது அவர்களிடம் பதில் தயாராக இருந்தது. “ரொம்ப ஈஸி மேடம். அம்மாவோட கல்லையும் நியூ கட்டிங்ல மாத்திடலாம். ரெண்டும் பளபளன்னு ஜோடியாயிடும்.”

வியாபார ரீதியில் அது தவறான யோசனை இல்லை. அம்மாவின் கல் 72 சென்ட். அதன் உயரத்தைச் சீவி, மேல்முகத்தை அகலமாக்கி நவீனக் கல்லாக்கினால் சுமார் 55 சென்ட் மிஞ்சும். எடை போனாலும், சந்தையில் எல்லாரும் கேட்கும் கல்லாகிவிடும். அதே அளவில் புதிய கல் வாங்குவதும் சுலபம்.

மகள் அன்று பதில் சொல்லாமல் வந்துவிட்டார். வீட்டில் தங்கை, “கடைக்காரர் சொல்றது சரிதானேக்கா? நாளைக்கு நம்ம பிள்ளைங்க போடறப்ப மாடர்னா இருக்கும்” என்றார். கல்லூரியில் படிக்கும் பேத்திதான் கைப்பேசியில் கோஹினூர் கதையைத் தேடி எடுத்து வாசித்தாள்.

அந்தக் கதையை இந்த இடத்தில் நினைத்துப் பார்ப்பது நல்லது. 1849இல் பஞ்சாப் பிரிட்டிஷார் கைக்குப் போனபோது, சிறுவனாக இருந்த மகாராஜா துலீப் சிங்கிடமிருந்து கோஹினூரும் போனது. 1851இல் லண்டன் கண்காட்சியில் வைத்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்த மக்கள் ஏமாந்து போனார்கள். இந்தியாவில் கல்லின் எடையைக் காப்பாற்றும்படி பட்டை வைப்பது வழக்கம். லண்டன்காரர்கள் எதிர்பார்த்த ஜொலிப்பு அதில் இல்லை. விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் அதை மறுபடி பட்டை தீட்ட ஏற்பாடு செய்தார். ஆம்ஸ்டர்டாமில் இருந்து கைதேர்ந்த தொழிலாளர்கள் வந்தார்கள். 1852 ஜூலையில் தொடங்கி 38 நாள் வேலை, 8,000 பவுண்டு செலவு. முடிந்தபோது இன்றைய காரட் கணக்கில் 191 ஆக இருந்த கல் 105.6 ஆகியிருந்தது. கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. அந்தப் பழைய உருவத்தைப் பார்க்க இன்றைக்கு மாதிரிகளும் படங்களும்தான் இருக்கின்றன.

நம் காலத்திலும் இது நடந்தது. ‘விட்டெல்ஸ்பாக்’ என்ற புகழ்பெற்ற நீல வைரத்தை 2008இல் லண்டன் ஏலத்தில் லாரன்ஸ் கிராஃப் என்ற வைர வியாபாரி 1.64 கோடி பவுண்டுக்கு வாங்கினார். அதன் கீறல்களையும் விளிம்புச் சேதங்களையும் நீக்க மறுபடி தீட்டச் செய்தார். 35.56 காரட் 31.06 ஆனது. கல்லின் நிறத்துக்கும் தெளிவுக்கும் முன்பைவிட உயர்ந்த தரம் கிடைத்தது. முந்நூறு வருஷத்துக்கு மேல் கை மாறி வந்த வரலாற்றின் மேல்தோலைச் சீவிவிட்டார்கள் என்று அருங்காட்சியகத்தார் சிலர் வருந்தினார்கள்.

இரண்டிலும் ஒரே நம்பிக்கைதான் வேலை செய்தது. தன் காலத்து வெளிச்சமே சரியான வெளிச்சம் என்ற நம்பிக்கை. 1852இல் லண்டன்காரர்கள் ஆசைப்பட்டு வைத்த பட்டையும் இன்றைக்குப் பழைய பட்டைதான்.

பேத்தி படித்து முடித்ததும் மகள் சொன்னார்: “அம்மா கல்லுல யாரும் கை வைக்க வேணாம். புதுசைப் பழசாக்க முடியுமான்னு கேப்போம்.”

ஒரு காரட்டில் இருந்து 72 சென்ட்டுக்கு

முதலில் பழைய கல் ஒன்றையே தேடினார்கள். அதுதான் எளிய வழி. மூன்று மாதம் தேடியும் அதே குறுக்களவில், பட்டை சிதையாத பழைய கல் கிடைக்கவில்லை. பழைய கற்கள் அளவெடுத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தினுசு.

புதிய கல்லை மாற்றலாம் என்று முடிவெடுத்தபோது அடுத்த சிக்கல் வந்தது. கடையில் பொருத்திய கல் 5.6 மில்லிமீட்டர், 66 சென்ட். அதையே பழைய பட்டைக்கு மாற்ற முடியாதா? முடியாது என்றார் பத்தர். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பழைய கல் குறுக்களவுக்கு ஆழம் அதிகம். அம்மாவின் கல் 3.7 மில்லிமீட்டர் ஆழம். புதிய கல் அகலமும் தணிவுமானது. உயரத்தைக் கூட்ட முடியாதென்றால், உயரம் கூடினமாதிரி தெரிய ஒரே வழி அகலத்தைக் குறைப்பதுதான். குண்டானவர் மெலிந்தால் உயரமாகத் தெரிவதுபோல. 5.6 மில்லிமீட்டர் கல்லைச் சீவினால் ஐந்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும், ஜோடி சேராது. ஆகவே 6.5 மில்லிமீட்டர் குறுக்களவும் 4 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள கல் வேண்டும். அது ஒரு காரட் கல்.

ஒரு காரட் கல் வீட்டில் ஒன்று இருந்தது. மகளின் வெள்ளிவிழாத் திருமண நாளுக்கு, கணவர் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுத்து வாங்கிக் கொடுத்த மோதிரம். ஆய்வகச் சான்றிதழோடு வந்த கல். பட்டைக்கு ‘எக்ஸலன்ட்’ மதிப்பெண். சான்றிதழின் எண்ணை லேசரில் கல்லின் இடுப்பு விளிம்பிலேயே கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் பொறித்திருந்தார்கள்.

இழப்பு என்னவென்று பத்தர் ஒளிக்காமல் சொன்னார். எடையில் 28 சென்ட் போகும். வைரத்தின் விலை எடையோடு சீராக ஏறுவதில்லை. ஒரு காரட்டைத் தொட்டதும் காரட்டுக்கான விலையே ஒரு படி தாவும். அதற்குக் கீழே இறங்கினால் அந்தப் படியில் இருந்து விழுந்ததுதான். ‘எக்ஸலன்ட்’ என்ற மதிப்பெண் வழக்கமான நவீன வட்டக் கல்லுக்கு உரியது, அது போய்விடும். சான்றிதழ் செல்லாது. தீட்டும்போது உள்ளே இருக்கும் நுண்ணிய பிளவு விரிந்தால் கல்லே உடையலாம், அந்தப் பொறுப்பைத் தீட்டுபவர் ஏற்கமாட்டார். கடைசியில் கையில் வருவது பழைய கல்லும் இல்லை, பழைய மாதிரியில் செய்த புதுக் கல். நாளை யாருக்காவது விற்றால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

மகள் இரண்டு நாள் யோசித்தார். மோதிரத்தைக் கணவர் எதிரில் கழற்றி வைத்து, “என்னங்க, நீங்க ஆசையா வாங்கினது. வேணாம்னா சொல்லிடுங்க” என்றார்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் பணத்தை எடுக்க அவர் எத்தனை படிவம் எழுதினார் என்று இருவருக்கும் தெரியும். பிறகு, “கல்லு இருக்குமில்ல? உன் விரல்ல இருந்தா என்ன, அத்தை காதுல இருந்தா என்ன” என்றார். சற்றுப் பொறுத்து, “உடையாம இருந்தா சரி” என்றும் சேர்த்துக்கொண்டார்.

சூரத்தில் ஒரு சக்கரம்

பத்தருக்குத் தெரிந்த சௌகார்பேட்டை வியாபாரி வழியாகக் கல் சூரத்துக்குப் போனது. உலகத்தின் பெரும்பாலான வைரங்கள் பட்டை பெறும் ஊர் அது. ஆனால் அங்கே எல்லா ஏற்பாடும் நவீன வட்டக் கல்லுக்கானது. ஒற்றைக் கல்லை எடுத்து, மறந்துபோன பட்டையை வைத்துத் தா என்றால் பெரிய பட்டறைகள் நேரம் ஒதுக்காது. பழைய கற்களின் சிதைந்த பட்டையைச் சரிசெய்து பழகிய ஒரு மூத்த தொழிலாளி ஒப்புக்கொண்டார்.

பழைய கல்லையும் மாதிரிக்கு அனுப்பச் சொன்னார்கள். மகள் மறுத்துவிட்டார். ஒன்று தொலைந்தது போதும். சௌகார்பேட்டையில் தன் கண் முன்னாலேயே அளந்துகொள்ளச் சொன்னார். மேல்முகம் 2.6 மில்லிமீட்டர். குறுக்களவு ஒரு பக்கம் 5.55, இன்னொரு பக்கம் 5.65. கல் சுத்தமான வட்டம் இல்லை. அந்தக் காலத்தில் கையும் கண்ணும் செய்த வேலை.

சூரத்தில் இருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. “எங்ககிட்ட எல்லாரும் வட்டம் சுத்தமா வேணும்னு கேப்பாங்க. நீங்க கொஞ்சம் கோணலாவே வேணும்னு கேக்கறீங்களா?” வியாபாரி ஆமாம் என்றார்.

வைரத்தை வைரம்தான் அறுக்கும். வார்ப்பிரும்புச் சக்கரத்தில் எண்ணெயும் வைரத்தூளும் பூசி, அது வேகமாகச் சுற்றும்போது கல்லைப் பிடித்து அழுத்துவார்கள். மரத்துக்கு நார் ஓடுவதுபோல வைரத்துக்கும் ஓட்டம் உண்டு. சரியான திசையில் வைத்தால் தேயும். தவறான திசையில் வைத்தால் கல் அசையாது, சக்கரம்தான் பள்ளமாகும். ஒவ்வொரு பட்டைக்கும் அந்தத் திசையைத் தேடிப் பிடிக்க வேண்டும். சில விநாடி அழுத்தம், எடுத்துக் கண்ணாடியில் பார்ப்பது, மறுபடி அழுத்தம். நாள் முழுக்க இதுதான் வேலை.

முதலில் கல்லின் இடுப்பைத் தேய்த்துக் குறுக்களவைக் குறைத்தார்கள். லேசரில் பொறித்த சான்றிதழ் எண் முதல் நாளிலேயே தூளானது. பிறகு மேல்பாதியின் 8 பெரிய பட்டைகள் செங்குத்தாக ஏறின. அவை உள்நோக்கிச் சாய்ந்து ஏற ஏற மேல்முகம் தானாகச் சுருங்கியது. அதன்பின் அடிப்பாதி. கடைசியில் அந்தக் கூரான அடி நுனியை மழுக்கிக் குட்டி வட்டம் வைத்தார்கள். இன்றைய கணக்கில் அது வெளிச்சத்தை ஒழுகவிடும் குறை. அந்தக் காலத்தில் நுனி உடையாமல் இருக்க வைத்த காப்பு.

ஒன்பது நாளில் வேலை முடிந்தது. 72 சென்ட் எதிர்பார்த்தார்கள், 70 சென்ட் வந்தது. உடையவில்லை.

அம்மா பார்த்தது

பத்தர் இந்த முறை கம்பிகளைத் தடிமனாக வைத்தார். இரண்டு தோட்டுக்கும் புதுக்கம்பி. கடைக் கல்லைக் கொஞ்சம் பணம் கழித்துக்கொண்டு திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

மகள் பகலில் கொண்டுபோய்க் காட்டவில்லை. விளக்கேற்றும் நேரம்வரை காத்திருந்தார். அம்மா போட்டுக்கொண்டு வழக்கம்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினார். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி திரும்பினார். “எங்க கெடைச்சுது?” என்று கேட்டார். தொலைந்த கல்தான் கிடைத்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

அப்படியே விட்டுவிடலாம் என்று தங்கை கண்ஜாடை காட்டினார். மகளுக்கு மனசு வரவில்லை. உள்ளதைச் சொன்னார். அம்மாவின் பார்வை மகளின் விரலுக்குப் போனது. “ஏண்டி, அவர் வாங்கிக் குடுத்ததையா வெட்டிட்டே?” என்று கோபப்பட்டார். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை நேரில் வந்து, “நான்தான் அத்தை சொன்னேன்” என்ற பிறகுதான் சமாதானமானார்.

மறுநாள் பகல் வெளிச்சத்தில் கொல்லைப்பக்கம் நின்று பார்த்தபோது அம்மாவே வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார். பழைய கல்லில் லேசான மஞ்சள் சாயல் உண்டு. புதியது அதைவிட வெள்ளை. பட்டையை மாற்றலாம், கல் பிறந்த நிறத்தை மாற்ற முடியாது. நூறு வருஷத்துக்கு முந்தையவர்கள் அந்தச் சாயலைப் பெரிய குறையாக நினைக்கவில்லை. தங்கத்தில் கட்டினால் அது தங்கத்தின் நிறத்தோடு கலந்துவிடும். விளக்கில் இரண்டும் ஒன்று, வெயிலில் இரண்டு. அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. “எது உன்னுதுன்னு எனக்குத் தெரியும்” என்று மகளிடம் சொன்னார். வெள்ளையானதை இடது காதில்தான் போடுவார், மாற்றிப் போடுவதில்லை.

இப்படி ஒரு முடிவை எல்லா வீட்டுக்கும் சிபாரிசு செய்ய முடியாது. விலை பார்த்து வாங்கிய நல்ல நவீனக் கல்லைப் பழைய பட்டையின் அழகுக்காக மட்டும் மாற்ற நினைப்பவர்கள், அதே பணத்தில் ஏற்கெனவே பழைய பட்டையில் இருக்கும் கல்லைத் தேடுவதே மேல். மாற்றத்தான் வேண்டும் என்றால் தீட்டுவதற்கு முன்பே மூன்றை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. எதிர்பார்க்கும் எடை, எதிர்பார்க்கும் குறுக்களவு, உடைந்தால் யார் பொறுப்பு. முடிந்தபின் புதிய சான்றிதழ் எடுக்க வேண்டும். பாட்டி காலத்துக் கல்லை நவீனமாக்கச் சொல்லும் கடையில் உடனே தலையாட்டாமல், அந்தக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, கடையின் விளக்கில் இல்லாமல் பூஜை விளக்கிலும் சாயங்கால வெயிலிலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தீட்டியபின் திரும்ப முடியாது. பார்ப்பதற்குக் காசு கிடையாது.

மகளின் மோதிரத்தில் இப்போது ஒரு சிவப்புக் கல். பேத்தி தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது, விலை குறைந்த கல்தான். வைரத்தின் சான்றிதழ் இன்னும் பீரோவில், பத்திரங்களோடு அதே உறையில் இருக்கிறது. ஒரு காரட், 6.5 மில்லிமீட்டர், எக்ஸலன்ட் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த அளவில், அந்த எண்ணோடு ஒரு கல் இப்போது எங்கும் இல்லை. மகள் அதைக் கிழித்துப் போடவில்லை. அதன் பின்பக்கம் பேனாவால் ‘அம்மாவின் இடது காது’ என்று எழுதி, தேதி போட்டு வைத்திருக்கிறார்.